பிணை நின்றவரின் பெயர்

தேற்றாத்தீவில் வந்து கண்ணகை வீடு எது என்று கேட்டால் எந்தக் கண்ணகை என்று திருப்பிக் கேட்பார்கள். கதிரைக் கண்ணகை என்றால் உடனே வழி காட்டுவார்கள். கலியாண வீடு, பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, செத்த வீடு, பள்ளிக்கூடப் பரிசளிப்பு, கோயில் சடங்கு என்று ஆட்கள் கூடுகிற எந்த இடத்துக்கும் பிளாஸ்ரிக் கதிரைகளை வாடகைக்குக் கொடுப்பதுதான் அவள் தொழில்.

அவள் அந்தத் தொழிலுக்கு வரக் காரணமே ஒரு செத்த வீடுதான். 1998-இல், மேசன் வேலை செய்துகொண்டிருந்த அவளுடைய கணவன் நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டான். மகள் யசோதினிக்கு அப்போது ஆறு வயது. துக்கம் விசாரிக்க வந்த வயதானவர்கள் இருக்க இடமில்லாமல் பங்குனி வெயிலில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கதிரை எடுக்கக் களுவாஞ்சிகுடிக்குப் போனவர்கள் எல்லாம் முடிந்து ஆட்கள் கலைகிற நேரத்தில்தான் வந்து சேர்ந்தார்கள். அழுதுகொண்டிருந்த நேரத்திலும் கண்ணகை அதைக் கவனித்திருந்தாள். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கையோடு மிஞ்சியிருந்த காசை முடிந்துகொண்டு ஏறாவூருக்கு பஸ் ஏறினாள்.

ஏறாவூர்க் கடைத்தெருவில் உசனார் என்பவர் பிளாஸ்ரிக் சாமான் கடை வைத்திருந்தார். வாளி, பேசின், கதிரை எல்லாம் வாசல்வரை அடுக்கியிருக்கும். நாற்பதைத் தாண்டிய, மெலிந்த, அதிகம் பேசாத மனிதர்.

"எத்தின கதிரை வேணும்?" என்றார்.

"இருவது வேணும் காக்கா. காசு பன்ரெண்டுக்குத்தான் இரிக்கி."

உசனார் அவளையும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையையும் பார்த்தார்.

"இருவதயும் ஏத்து. மிச்சத்த கிழமைக்குக் கிழமை கொண்டு வந்து தா."

"என்ன ஒங்களுக்கு முன்னப்பின்னத் தெரியாதே."

"காசு கொறையுதெண்டு நீயே சொல்லிட்டாய். கள்ளம் நினைக்கிறவள் அத முதல்ல சொல்ல மாட்டாள்."

எட்டுக் கதிரையின் காசை எட்டுக் கிழமையில் கட்டி முடித்தாள். ஒரு சனிக்கிழமை மட்டும் சண்டையால் பாதை மூடியிருந்ததால் போக முடியவில்லை. திங்கட்கிழமை போய் மன்னிப்புக் கேட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு எந்தக் கதிரை வேண்டுமென்றாலும் உசனாரின் கடைதான்.

சண்டை நிறுத்தம் வந்த பிறகு ஊரில் கலியாணங்கள் கூடின. பல வருடமாகத் தள்ளிப்போட்டிருந்தவர்கள் எல்லாம் நாள் பார்த்தார்கள். இருபது கதிரையை வைத்துக்கொண்டு அவள் எத்தனை பேருக்குக் கொடுப்பாள்? 2003-இல் களுவாஞ்சிகுடியில் ஒரு வங்கியில் ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபா கடன் கேட்டாள். நூற்றைம்பது கதிரையும் ஒரு தகரப் பந்தலுக்குரிய குழாய்களும் வாங்குவது கணக்கு. முப்பத்தாறு மாதத் தவணை. பிணைக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். அரசாங்க உத்தியோகம் பார்க்கிற சொந்தக்காரர் ஒருவரிடம் போனாள். பிறகு பார்ப்போம் என்றார். இன்னொருவர் வீட்டிலேயே இல்லை என்று சொல்லச் சொன்னார். கடைசியில் உசனாரிடம் கேட்க வாயெடுத்தபோது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"கதிரைய விக்கிறவனே பிணை நிக்கிறதா?" என்று உசனார் சிரித்தார். அடுத்த புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டு வந்து கையெழுத்து வைத்தார். வங்கியில் தந்த தேநீரைக்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார்.

பதினாலு மாதம் ஒரு நாளும் பிந்தாமல் தவணை கட்டினாள் கண்ணகை. கதிரை ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்புப் பெயின்றால் ‘க’ என்று எழுதியிருந்தாள்.

2004 மார்கழி இருபத்தாறாம் திகதி ஞாயிற்றுக்கிழமை. கடற்கரைப் பக்கத்தில் ஒரு சாமத்திய வீடு. முதல் நாளே நூற்றைம்பது கதிரையையும் இறக்கியாகிவிட்டது. காலையில் அவற்றை வரிசையாகப் போடுவதற்காகக் கண்ணகை யசோதினியையும் கூட்டிக்கொண்டு போனாள். ஒன்பது மணி இருக்கும். ஒரு மீன்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு "கடல் வருது, ஓடுங்க" என்று கத்திக்கொண்டு ஓடினார். கடல் எப்படி வரும் என்று யாருக்கும் விளங்கவில்லை. கண்ணகைக்கும் விளங்கவில்லை. ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தாள். மகளின் கையைப் பிடித்தாள், ஓடினாள். முழங்காலளவு தண்ணீர் பின்னால் வந்து தள்ளியபோது பெருந்தெருவைத் தொட்டிருந்தார்கள். அதையும் தாண்டி வாவிக்கரை வரைக்கும் நிற்காமல் போனார்கள்.

சாமத்திய வீட்டுக்காரரில் மூன்று பேர் திரும்பவில்லை. கண்ணகையின் வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கிணற்றுக்கட்டும் மட்டும் இருந்தன.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஆட்கள் கதிரைகளைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். பனை வடலிக்குள் கிடந்தது, வாவிக்கரைக் கண்ணாப் பற்றைக்குள் செருகியிருந்தது, கோயில் கூரையில் ஏறியிருந்தது என்று ஒவ்வொன்றாக வந்தன. வாவிக்கு அந்தப் பக்கம் மண்டூரிலிருந்து ஒரு தோணிக்காரர் ஆறு கதிரைகளை ஏற்றிக்கொண்டு வந்து, "அடியில ‘க’ எண்டு போட்டிருக்கு, ஒங்கடதானே" என்று கேட்டார். அவள் பள்ளிக்கூடத்து முகாமில் இருந்தாள். அங்கே வைத்து எண்ணிப் பார்த்தபோது நாற்பத்தொரு கதிரை இருந்தது.

அந்த முகாமுக்குத்தான் ஒரு நாள் வங்கியிலிருந்து இருவர் வந்து மேசை போட்டார்கள். கடன் எடுத்தவர்கள் வந்து படிவம் நிரப்பச் சொன்னார்கள். "கடன வெட்டுறாங்களாம்" என்று வரிசையில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அந்தப் படிவம் ஆறு மாதத்துக்குத் தவணையைத் தள்ளிவைப்பதற்கானது. கண்ணகை அதை வாசிக்கவில்லை. அன்றைய நிலையில் யாரும் எதையும் வாசிக்கவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, கடன் போய்விட்டது என்ற நினைப்போடு வரிசையிலிருந்து வெளியே வந்தாள். உசனாருக்கும் ஆள் விட்டு அப்படியே சொல்லியனுப்பினாள்.

பிறகு கொட்டில் வாழ்க்கை. அடுத்த வருடங்களில் மறுபடியும் சண்டை. படுவான்கரையிலிருந்து சனங்கள் வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்து மரங்களுக்குக் கீழே தங்கினார்கள். அந்தக் காலத்தில் கண்ணகையின் நாற்பத்தொரு கதிரையும் செத்த வீடுகளுக்குத்தான் அதிகம் போயின. செத்த வீட்டுக்கு அவள் வாடகை வாங்கவில்லை. முகாம் சமையலில் கிடைத்த சம்பளத்தில் சாப்பிட்டார்கள். 2007 கடைசியில் வீட்டுத் திட்டத்தில் இரண்டு அறை வீடு ஒன்று கிடைத்தது. வங்கி அனுப்பிய கடிதங்கள் எல்லாம் இவ்வளவு காலமும் அந்த அத்திவாரத்தின் விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

2009-இல் யுத்தம் முடிந்தது. அடுத்த வருடமே தொழில் சூடு பிடித்தது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து திருவிழா செய்தார்கள், வீடு குடிபுகுந்தார்கள். கண்ணகை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து நூற்றறுபது கதிரை வைத்திருந்தாள். அவற்றைக் கொண்டுபோக ஒவ்வொரு முறையும் லான்ட்மாஸ்டர் உழவு வண்டி வாடகைக்குப் பிடிக்க வேண்டியிருந்தது. வருகிற காசில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போனது. சொந்தமாக ஒரு சின்ன லொறி இருந்தால் நல்லது என்று அறுபதாயிரம் ரூபா சேர்த்தாள். முற்பணத்துக்கு அது காணும். மிச்சத்துக்கு லீசிங் கேட்கலாம் என்று ஆனி மாதத்தில் அதே வங்கிக்குப் போனாள்.

கடன் பிரிவில் நிருஷா என்ற இளம் பெண் இருந்தாள். மட்டக்களப்பு டவுனிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். கண்ணகையின் அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டிவிட்டுக் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க இங்க முந்தி ஒரு கடன் எடுத்தீங்களா?"

"ஓம். அது சுனாமியோட வெட்டியாச்சே."

"வெட்டயில்ல அக்கா. ஆறு மாசம் தள்ளி வச்சிருக்காங்க. அதுக்குப் பிறகு நீங்க ஒரு தவணையும் கட்டயில்ல. ஒங்கட பேரு கிறிப்பில கிடக்கு."

"கிறிப்பெண்டா?"

நிருஷா கதிரையை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு விளக்கினாள். எந்த வங்கியில் யார் கடன் எடுத்தாலும், மாதா மாதம் கட்டினாலும் கட்டாமல் விட்டாலும், அந்த விபரம் கொழும்பில் ஒரு பணியகத்துக்குப் போகும். அதைத்தான் எல்லோரும் கிறிப் என்பார்கள். பிறகு நீங்கள் எந்த வங்கியின் படியில் ஏறினாலும் அவர்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்த அறிக்கையைத்தான். உங்களைப் பற்றி அதில் என்ன இருக்கிறது என்று நீங்களும் கேட்டு வாங்கலாம்.

கண்ணகை கேட்டு வாங்கினாள். மூன்று கிழமையில் வந்தது. இங்கிலீசில் இருந்த தாளை நிருஷா விரலை வைத்து ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். கடனின் முதலில் எண்பதாயிரம் மிச்சம். வட்டியும் தண்டமும் சேர்த்து ஒரு இலட்சத்து எழுபத்தெட்டாயிரம். ஆனால் அவளை எழும்ப விடாமல் செய்தது அந்தத் தொகை அல்ல.

"இதில என்ன பேரு?"

"அது ஒங்கட பிணையாள் அக்கா. கடன் கட்டாட்டி அவர்ட அறிக்கையிலயும் இது வரும்."

"அவருக்கும் கடன் குடுக்க மாட்டாங்களா?"

நிருஷா கொஞ்சம் தயங்கினாள். "கஷ்டம்தான்."

கண்ணகை வீட்டுக்குப் போகவில்லை. அப்படியே ஏறாவூருக்கு பஸ் ஏறினாள்.

உசனாரின் கடை பாதியாகி இரண்டு வருடமாகிவிட்டது; ஏன் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நடுவில் ஒரு சுவர் எழும்பி, அந்தப் பக்கத்தில் யாரோ போன் கடை வைத்திருந்தார்கள். உசனார் தொழுகைக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி றம்லா கடையில் இருந்தாள். கண்ணகையைக் கண்டதும் "வா புள்ள, வெயிலுக்க வந்திருக்காய்" என்று தண்ணீர் கொடுத்தாள்.

"கடைய ஏன் ராத்தா பிரிச்ச?"

"அது மகள் றஸீனாட வீட்டுக்கு" என்றாள் றம்லா. பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். அது இந்தப் பக்கத்து வழக்கம். "ரெண்டு வரிசத்துக்கு முன்ன, சுவர் எழும்பி கூரை போடக்குள்ள காசு முடிஞ்சி. பேங்கில கேட்டாரு. இல்லெண்டுட்டாங்க. மாப்பிள வீட்டுக்குச் சொன்ன நாள் வந்திட்டு. மறுகா கடையில பாதிய வித்துத்தான் கூரை போட்ட."

"பேங்கில ஏன் இல்லெண்டாங்க?"

றம்லா தண்ணீர்க் கோப்பையை வாங்கி வைத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்தாள். அதைப் பார்த்ததுமே கண்ணகைக்கு எல்லாம் விளங்கியது. அழக்கூடாது என்று நினைத்தாள். முடியவில்லை.

உசனார் வந்தபோது இரண்டு பெண்களும் அழுதுகொண்டிருந்தார்கள்.

"இவள்ட்ட சொல்லிட்டியா?" என்று மனைவியிடம் கோபப்பட்டார்.

"ராத்தா சொல்லல்ல காக்கா. நான்தான் பேப்பரப் பாத்த. ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லல்ல?"

"என்னத்தச் சொல்ற? வீடு போய், கதிரை போய், பிள்ளையோட கொட்டிலுக்க இருந்தாய். கடல் கொண்டு போனதுக்கு உன்னட்ட வந்து நான் கேக்கிறதா?"

"கடல் வந்தது ஒரு நாள் காக்கா. ஆறு வரிசம் நான் பேங்குப் பக்கம் போய் ஒரு வார்த்தை கேக்காம இருந்தனே, அது கடலா?"

உசனார் "சாப்பிட்டயா?" என்று கேட்டார். கண்ணகை சாப்பிடாமல் போக அவர்கள் விடவில்லை.

அன்று பின்னேரம் யசோதினி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குழம்பிப்போனாள். உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி.

"அம்மா, ஆரும் வந்து கேக்கல்ல. வீட்டுக்கு ஆளனுப்பல்ல. லொறிக்குச் சேத்த காசக் கொண்டுபோய் அங்க போடப்போறயா?"

"ஓம்."

"அப்ப லொறிய என்ட பேரில எடுப்பம். எனக்குப் பதினெட்டாகிட்டு. என்ட பேரில ஒரு குத்தமும் இல்லையே."

கண்ணகைக்கு ஒரு கணம் அது நல்ல யோசனையாகவே பட்டது. அதைப் பின்னாளில் அவளே ஒத்துக்கொள்வாள். ஆனால் தலையாட்டவில்லை.

"ஒன்ட பேரு ஒனக்கு வேணும் மகள். இப்பயே அதில என்ட பாரத்த ஏத்தக் கூடா. நீ லொறி எடுத்தாலும் உசனார் காக்காட பேரு அங்கதானே கிடக்கும்? அந்த லொறியில நான் எப்பிடி ஏறிப் போற?"

யசோதினிக்கு அன்று கோபம் ஆறவில்லை. இரண்டு நாளைக்குப் பிறகு ஒரு கொப்பியைக் கொண்டுவந்து, "மிச்சத்த எத்தின மாசத்தில கட்டலாமெண்டு பாப்பம்" என்று முன்னால் உட்கார்ந்தாள்.

வங்கி முகாமையாளர் கண்டிப்பான ஆள் என்று கேள்விப்பட்டிருந்ததால் கண்ணகை ஆயத்தமாகப் போனாள். வீடு அழிந்ததற்குக் கிராம சேவகரின் கடிதம், முகாம் அட்டை, வீட்டுத் திட்டக் கடிதம், பதினாலு தவணை கட்டிய பற்றுச்சீட்டுகளில் மிஞ்சியிருந்த மூன்று. அவர் எல்லாவற்றையும் பார்த்தார்.

"இப்ப ஏன் வந்தீங்க?"

"லொறி எடுக்க வந்தன் ஐயா. வந்த இடத்தில என்ட கடனால இன்னொரு ஆள்ட பேரு கெட்டுப்போய்க் கிடக்கெண்டு தெரிஞ்சிது. லொறி பிறகு பாப்பம். இத முதல்ல முடிக்கணும். ஆனா தண்ட வட்டி கட்ட என்னால ஏலா."

முகாமையாளர் மேலிடத்துக்கு எழுதினார். ஒரு மாதத்துக்குப் பிறகு தண்டம் முழுவதும், வட்டியில் ஒரு பகுதியும் கழிந்து ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் என்று வந்தது. அறுபதாயிரத்தை அன்றே கட்டினாள். மிச்ச ஐம்பதாயிரத்தை நாலு மாதத்தில். ஆவணிக் கலியாணங்களும் மண்டூர்த் திருவிழாவும் கை கொடுத்தன. கார்த்திகையில் கடைசித் தவணை கட்டியபோது நிருஷா "கடன் முழுவதும் தீர்க்கப்பட்டது" என்ற கடிதத்தைக் கொடுத்தாள். கண்ணகை அதில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை உசனாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். "நல்லம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அன்று பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்து வந்தார்.

அதோடு முடிந்தது என்று கண்ணகை நம்பிவிடவில்லை. ஒருமுறை கேள்விப்பட்டதை நம்பிக் கெட்டது போதும் என்று நினைத்தாள். தை மாதத்து வெள்ளம் வடிந்த பிறகு, மாசியில் தன் அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தாள். கடன் அப்படியே நிலுவையில் இருந்தது. வங்கிக்கு ஓடினாள். தேடிப் பார்த்தபோது, கட்டி முடித்த செய்தி கிளையிலிருந்து கொழும்புக்குப் போகாமல் ஒரு கோப்புக்குள் கிடந்தது. நிருஷாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வாயால சொன்னா காணாது அக்கா. ஒரு கடிதம் எழுதித் தாங்க. பதிஞ்சு அனுப்புறன்."

கண்ணகை எட்டாம் வகுப்புவரை படித்தவள். அந்தக் கடிதத்தை யசோதினியிடம் கொடுக்காமல் தானே எழுதினாள். என்ன திகதியில் எவ்வளவு கட்டினேன், கடித இலக்கம் என்ன, என் பிணையாளின் பெயரும் இதனால் பாதிக்கப்பட்டிருக்கிறது, ஆகவே இரண்டு பேருடைய விபரத்தையும் திருத்தித் தர வேண்டும். ஒரு பக்கம். பத்தாம் நாள் போய்க் கேட்டாள். இருபதாம் நாள் போய்க் கேட்டாள். சித்திரை வருடப் பிறப்புக்கு முன் திருத்தம் வந்தது.

அந்த வருடம் ஆடியில் உசனாருக்கு அவருடைய வங்கி கடன் கொடுத்தது. போன் கடைக்காரர் வேறிடம் போகவிருந்ததால் விற்ற பாதியைத் திரும்ப வாங்கினார். நடுச்சுவரை உடைத்த அன்று றம்லா தொலைபேசியில் அழைத்து, "புள்ள, இப்ப இந்தப் பக்கத்திலிரிந்து அந்தப் பக்கம் காத்து வருது" என்றாள். கண்ணகை அன்று முழுவதும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கதிரை கழுவினாள்.

இனி அவளுடைய பெயர். பழைய கடனைக் கட்டிவிட்டோமே, இப்போது லொறிக்குக் கேட்கலாமா என்று போனபோது நிருஷா கை விரித்தாள்.

"பழசு தீந்திட்டு எண்டு இருக்கு அக்கா. நீங்க இப்ப எப்பிடிக் கட்டுறீங்க எண்டு காட்ட ஒண்டும் இல்லையே. சின்னதா ஒரு கடன் எடுங்க. ஒழுங்காக் கட்டுங்க."

"நல்லாக் கட்டினா அதையும் எழுதுவாங்களா?"

"ஓம், அதையும்தான்."

இது கண்ணகைக்குப் பிடித்திருந்தது. குற்றத்தை மட்டும் எழுதி வைக்கிற இடம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். சேமிப்புக் கணக்கிலிருந்த காசை ஈடாக வைத்து முப்பதாயிரம் எடுத்தாள். நாற்பது கதிரை வாங்கினாள். மாதம் பத்தாம் திகதி தவணை நாள். அவள் ஐந்தாம் திகதியே போய்விடுவாள். காசு கையில் இருந்தால் கறி வாங்கிவிடுவேன் என்பாள்.

அந்த வருடங்களில் மோட்டார் சைக்கிளில் வந்து வீட்டு வாசலிலேயே கடன் கொடுக்கிறவர்கள் ஊருக்குள் பெருகியிருந்தார்கள். கிழமைக் கடன், குழுக் கடன் என்று பல பெயர். பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் ஏற்கெனவே இரண்டு இடத்தில் எடுத்திருந்தாள். மூன்றாவதுக்குக் கண்ணகையைப் பிணை கேட்டு வந்தாள்.

"நீ இல்லெண்டு சொல்ல மாட்டாய் எண்டுதான் வந்தன்கா. ஒனக்கும் ஒரு ஆள் நிண்டதுதானே."

கண்ணகைக்கு அது நெஞ்சில் தைத்தது.

"ஓம், நிண்டாரு. அதில அவரு பட்டது எனக்குத்தான் தெரியும். ஒன்னால கட்ட ஏலாட்டி நான் கட்டணும். இப்ப என்னால அது ஏலா. ஏலாதெண்டு தெரிஞ்சுகொண்டு கையெழுத்து வச்சா அது ஒன்னையும் ஏமாத்துற, என்னையும் ஏமாத்துற."

சின்னத்தங்கம் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மூன்றாவது கடனும் அவளுக்குக் கிடைக்கவில்லை. பிறகு ஒரு நாள் கலியாண வீடொன்றுக்கு இருநூறு கதிரை கழுவ ஆள் தேவைப்பட்டது. கண்ணகை வேலியால் எட்டிக் கூப்பிட்டாள். சின்னத்தங்கம் வந்தாள். அன்றிலிருந்து நாள் கூலிக்கு அவள்தான். இரண்டு கடன்களையும் கட்டி முடிக்க ஒன்றரை வருடம் எடுத்தது. கண்ணகை புத்தி சொல்லப் போகவில்லை. கூலியை மட்டும் அன்றன்றே கொடுத்தாள்.

முப்பதாயிரத்தைக் கட்டி முடித்தபின் எழுபத்தையாயிரம் எடுத்து புதுப் பந்தல் போட்டாள். அதையும் பிந்தாமல் கட்டினாள். பந்தல் போட்ட முதல் மழையில் ஒரு பக்கத்துத் தகரம் பறந்து பக்கத்து வளவுக் கோழிக்கூட்டில் விழுந்தது வேறு கதை. கோழிக்கும் காசு கட்டினாள். யசோதினி அந்த வருடம் கணக்கியல் படிப்புக்கு மட்டக்களப்புக்குப் போய்வரத் தொடங்கியிருந்தாள். வருடத்துக்கு ஒருமுறை தாயின் அறிக்கையை எடுத்து அவளே வாசித்துச் சொன்னாள்.

"பிந்தின நாள் சைபர். சைபர். சைபர். என்னம்மா, முழுக்க முட்டை வாங்கியிருக்காய்" என்று சிரித்தாள்.

2013 ஐப்பசியில் கண்ணகை மூன்றாம் முறையாக லொறிக்குக் கேட்டுப் போனாள். முகாமையாளர் மாறியிருந்தார். புதியவருக்கு அவளைத் தெரியாது. கணினியைப் பார்த்தார், தாள்களைப் புரட்டினார், வருமானம் கேட்டார், கதிரை எத்தனை என்று கேட்டார். ஒன்பது நாளில் சம்மதம் வந்தது. நிருஷா அப்போது வேறு கிளைக்கு மாற்றலாகிப் போயிருந்தாள். கண்ணகை அவளுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னபோது, மறுமுனையில் அந்தப் பெண் அலுவலகம் என்பதையும் மறந்து கூவினாள்.

பழைய லொறிதான். நீல நிறம். இடது பக்கக் கதவு கொஞ்சம் இறுக்கம். ஓட்டுவதற்கு ஊரிலேயே ஒருவரைப் பிடித்தாள். ஏறாவூருக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது உசனார் லொறியைச் சுற்றி நடந்தார், டயரை உதைத்துப் பார்த்தார், "பின் டயர் ரெண்டும் மாத்தணும்" என்றார். றம்லா நெய்ச்சோறு ஆக்கியிருந்தாள். றஸீனாவின் சின்னமகன் லொறிக்குப் பின்னால் ஏறிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தான்.

கண்ணகைக்கு இப்போது தவணை நாள் மாதம் இருபதாம் திகதி. அவள் பதினைந்தாம் திகதியே கட்டிவிடுகிறாள். பின் டயர் இரண்டையும் மாற்றியாகிவிட்டது.

போன கிழமை மண்டூரில் ஒரு கலியாணம். இருநூற்றைம்பது கதிரையை ஏற்றிக்கொண்டு குருமண்வெளித் துறைக்குப் போனார்கள். அங்கே வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி வாவியின் மறுகரைக்குக் கொண்டுபோகும் படகுப்பாதை இருக்கிறது. லொறியை அதில் ஏற்றிவிட்டுச் சாரதி இறங்கிப் போய் மற்றவர்களோடு பேசிக்கொண்டு நின்றார். சின்னத்தங்கம் பின்னால் கதிரைகளுக்கு நடுவில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். காலைக் காற்று தண்ணீரிலிருந்து குளிர்ச்சியாக வந்தது. முதல் நாள் முழுவதும் கதிரை கழுவிய அலுப்பு. கண்ணகை முன் ஆசனத்தில் சாய்ந்து இருந்தவள், மண்டூர்க் கரை வரும்வரை நன்றாகத் தூங்கிவிட்டாள்.